சாகாத பிள்ளைக்குக் கட்டிய பதாகை

உங்கள் தொலைபேசிகளில் ஊர்ப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் கிடக்கின்றன. சிறுவர் உரிமை உத்தியோகத்தர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கிராம உத்தியோகத்தர்கள் என்று இந்த அலுவலகச் சிறப்பு மலரை வாசிக்கப்போகிற எல்லோரையும்தான் சொல்கிறேன். வீட்டுத்திட்டத்துக்கு, மூக்குக்கண்ணாடிக்கு, உதவித்தொகைக்கு என்று தாய்மாரிடம் "வட்ஸ்அப்ல போட்டு விடுங்கக்கா, பார்த்துச் செய்யிறன்" என்று கேட்டு வாங்கினீர்கள். வேலை முடிந்து வருடக்கணக்காகிறது. அழித்தீர்களா? கல்யாண வீட்டுப் புரியாணிப் படத்துக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளைகள் பெயரோடும் பிறந்த திகதியோடும் தாய் தகப்பன் விவரத்தோடும் கிடக்கிறார்கள். வீட்டில் சின்னவன் கேம் விளையாடக் கேட்டால் அதே தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நீங்கள் நித்திரைக்குப் போகிறீர்கள்.

ஓய்வுபெற்றவர்கள் "இனிய நினைவுகள்" எழுதித் தரவேண்டும் என்று கேட்டு அலுவலகத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். இனிய நினைவு வேண்டுமென்றால் கணக்குக் கிளையில் இருந்தவர்களிடம் கேள் என்றேன். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை வேலை பார்த்தவளிடம் இருப்பது வேறு சாமான். பிள்ளைகளின் அடையாளத் திருட்டு என்று இப்போது உங்களுக்குப் பட்டறை நடத்துகிறார்கள். அந்தத் திருட்டு நடந்த பிறகு நல்ல மனிதர்கள் கூடி அதை எப்படிப் பெருப்பிப்பார்கள் என்று பட்டறையில் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

பையனுக்குக் கபிலன் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அது அவன் பெயர் இல்லை. ஊர் படுவான்கரை. வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையையும் கடந்து போகவேண்டும். அதற்குமேல் கேட்காதீர்கள். இதே கதையை ஒரு பட்டறையில் சொன்னபோது முன்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் "எந்தப் பள்ளிக்கூடம் மிஸ், என்ன வகுப்பு?" என்று கேட்டுப் பேனையைத் திறந்தார். அன்றைய பட்டறையின் தலைப்பே பிள்ளைகளின் விவரங்களைப் பாதுகாப்பதுதான்.

கபிலனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து மாறியது. தாய் சுகந்தி, அதுவும் நான் வைத்த பெயர்தான், கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளைக்கு மொட்டை அடித்தார்கள். மொட்டையில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்த கையோடு ஒரு சமூக சேவை அமைப்பு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கொப்பி கொடுக்க வந்தது.

கொப்பி கொடுப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியும். மைக் வரும். பொன்னாடை வரும். தலைவர் வருவார். தலைவரை வரவேற்று ஒருவர், வரவேற்றவருக்கு நன்றி சொல்லி ஒருவர் என்று வெயில் ஏறும்வரை பேசுவார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, ஒரு கையில் கொப்பியையும் மறுகையில் ஒரு வெள்ளைத் தாளையும் கொடுப்பார்கள். தாளில் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பனின் பெயர், தொழில், ஊர் எல்லாம் மார்க்கர் பேனையால் கொட்டை எழுத்தில் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிற நன்கொடையாளர்களுக்கு ஆதாரமாம். கபிலன் டெங்குவில் வற்றிப்போன உடம்போடு, மொட்டைத் தலையோடு, நட்ட நடு வெயிலில் நின்றான். வெயிலுக்குக் கண்ணில் தண்ணீர் வடிந்தது. ஒரு கையில் கொப்பி, ஒரு கையில் தாள், துடைக்க மூன்றாவது கை இல்லை. அப்படியே படம் எடுத்து அப்படியே பேஸ்புக்கில் போட்டார்கள்.

களவெடுக்கிறவன் வேறு என்ன கேட்பான்? மொட்டை, மெலிவு, கண்ணீர், முழு விவரம். அவன் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான். மேலே ஒரு நோயை எழுதினான்.

சுகந்திக்கு இது தெரியவந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் பின்னேரம் அவளுடைய வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. காத்தான்குடியிலிருந்து புடவைக்கடை ஹாஜியார் ஒருவரும் அவருடைய மனைவியும் இறங்கினார்கள். கையில் பழக்கூடை. ஹாஜியாரின் மனைவி இறங்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

"தங்கச்சி, இது கபிலன்ட வீடுதானே?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஓம்."

"மகன் எங்க படுத்திரிக்கார்?"

"படுக்கவா? அந்தா, நாவல் மரத்துல இரிக்கான்."

ஹாஜியார் அண்ணாந்து பார்த்தார். "மரத்துல என்ன செய்யிறார்?"

"தின்னுறான். வேற என்ன வேலை அவனுக்கு."

கபிலன் இறங்கி வந்தான். ஹாஜியாரின் மனைவி அவனைக் கட்டிப்பிடித்து, மொட்டையைத் தடவி, வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தான்.

"அல்லாவே, இஞ்ச பாருங்க. நாக்கெல்லாம் நீலம் பாஞ்சிரிக்கி."

"அது நாவப்பழம் ராத்தா," என்றாள் சுகந்தி. "உங்களுக்கும் வேணுமெண்டா ஆயச் சொல்லுறன்."

அதற்குப் பிறகுதான் ஹாஜியார் தொலைபேசியை எடுத்துக் காட்டினார். இரத்தப் புற்றுநோய், கடைசிக் கட்டம், ஏழை விவசாயியின் மகன், தயவுசெய்து பகிருங்கள். கீழே யாரோ ஒருவனின் வங்கிக் கணக்கு இலக்கம். ஹாஜியாரும் அதற்குக் காசு அனுப்பியிருந்தார். சுகந்தி எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்துவிட்டு, "எங்கட பேரு, ஊரு, புள்ள பிறந்த நாள் எல்லாம் சரியாத்தான் போட்டிரிக்கான். வருத்தம் மட்டும்தான் பிழை," என்றாளாம்.

ஹாஜியார் கோபக்காரர். ஆனால் அந்தக் கோபத்தை அவர் அந்தக் குடும்பத்தின் மேல் காட்டவில்லை. "நான் காசக் கேட்டு வரல்ல தங்கச்சி. இனி உண்மையிலேயே ஒரு புள்ளைக்கு வருத்தமெண்டாலும் என்ட கை நீளாது. அதுதான் எனக்கு மன வெப்புசாரம்," என்று சொல்லிவிட்டு, பழக்கூடையை வைத்துவிட்டுப் போனார். கபிலன் அப்பிள்களைத் தின்று முடித்தான்.

இதுவரைக்கும் அது வீட்டோடு இருந்த பகிடி. பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் வில்லங்கம். பதிவைப் பார்த்த பிள்ளைகள் கபிலனுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் விட்டார்கள். வீட்டுவேலை செய்யாமல் வந்தாலும் ரீச்சர் கேட்கவில்லை. ஒருத்தரும் அவனோடு மல்லுக்கட்டவில்லை. முதல் இரண்டு நாள் அவனுக்கு அது பிடித்திருந்தது. பிறகு அதிபர் வலய விளையாட்டுப் போட்டியின் நூறு மீற்றர் ஓட்டத்திலிருந்து அவனுடைய பெயரை வெட்டினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனை முந்தி ஓட ஒருத்தரும் இல்லை. டெங்கு மாறி எழும்பினதே அந்த ஓட்டத்துக்காகத்தான் என்கிற மாதிரி இருந்த பிள்ளை அவன்.

சுகந்தி அவனையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள்.

"மிஸ், இவனச் சாகக் குடுத்திட்டாங்க," என்றாள்.

அந்த நேரம் என் மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் தாயிடம் கேட்கிறார்கள், தொலைபேசியைப் பார்க்கிறார்கள், கணக்கு இலக்கத்தைப் பார்க்கிறார்கள். நான் பொடியனிடம் கேட்டேன். "உனக்கு என்னடா வேணும்?"

"என்ன ஓட விடச் சொல்லுங்க மிஸ்."

உங்களுக்கு நான் சொல்கிற முதல் விஷயம் இது. களவு போனது பிள்ளையுடையது. அதனால் பிள்ளையிடம் கேளுங்கள். கள்ளனைப் பிடிப்பது பொலிஸின் வேலை. அது நடக்கலாம், நடக்காமலும் விடலாம். பிள்ளைக்கு எது திரும்பி வரவேண்டும் என்பது எங்கள் வேலை. அன்றைக்கு எனக்கு வேலை ஒன்றுதான்: கபிலன் ஓடவேண்டும், கபிலனாகவே ஓடவேண்டும்.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த சேர் நல்ல மனிதர். அவர் உடனே எழும்பினார். "நம்மட பேஸ்புக் பக்கத்துல மறுப்பு அறிக்கை ஒண்டு போடுவம். பிறப்புச் சான்றிதழையும் போட்டா ஆதாரமா இரிக்கும்."

"சேர், வீட்டுக்க கள்ளன் பூந்தா மிச்சச் சாமானையும் தூக்கி ரோட்டுல வெச்சு, இதெல்லாம் எங்கட எண்டு காட்டுவமா?" என்று கேட்டேன்.

சேர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். நான் சுகந்தியிடம் நாலு விஷயம் சொன்னேன். அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு எழுத்தும் எழுதாதே, எழுதினால் அது இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேரும். அழிக்கச் சொல்லி முறையிடுவதற்கு முதல் பதிவையும் கணக்கு இலக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள், அழிந்த பிறகு பொலிஸுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. என்னோடு பொலிஸுக்கு வா. ஊரில் யார் உதவி செய்ய வந்தாலும் வேண்டாம் என்று சொல்லு.

கடைசியாகச் சொன்னதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். அவள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் உதவி தொடங்கிவிட்டது.

ஊர் விளையாட்டுக் கழகப் பொடியன்களுக்குக் கபிலன்மேல் உயிர். அவனுக்கு வந்த அவதூறைத் துடைக்கச் சந்தியில் பெனர் கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். எங்கள் பகுதியில் சந்தியில் கட்டுகிற பெனரில் பெரும்பாலும் யாருடைய படம் இருக்கும்? செத்தவரின் படம். பெனர் அடிக்கிற கடையில் தயாராக இருந்த வடிவமும் அதுதான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரைப் பூ, நடுவில் வட்டத்துக்குள் முகம். கடைக்காரர் விளக்கை எடுக்கவில்லை, பூவையும் எடுக்கவில்லை. எழுத்தை மட்டும் மாற்றினார். "எமது ஊரின் குட்டி வீரன் கபிலன் பூரண நலத்துடன் உள்ளார் என்பதனை ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம்." பக்கத்தில் ஆதாரமாக அவனுடைய பிறப்புச் சான்றிதழ், ஆள் உயரத்துக்கு.

பஸ்ஸில் போகிறவன் நின்று வாசிப்பானா? படத்தைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், "ஆழ்ந்த" என்ற சொல்லைப் பார்த்தான், "பாவம், சின்னப் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு போனான். பேஸ்புக்கில் நோய் என்று பார்த்தவர்களுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. அன்றைக்கே மரண வீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டுகிற ஆள் வந்து, எத்தனை யார் துணி தேவை என்று கேட்டார். பந்தல்காரர் ஃபோன் எடுத்தார்.

கிரானிலிருந்து சுகந்தியின் அக்கா ஓட்டோவில் வந்தாள். சந்தியில் பெனரைக் கண்ட இடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். ஓட்டோக்காரரும் சேர்ந்து அழுதாராம். வாசலில் இறங்கித் தலைமயிரை அவிழ்த்துவிட்டு, "என்ட குஞ்சு, பெரியம்மாவ விட்டுட்டுப் போயிட்டியே" என்று கேற்றைத் தட்டினாள். கேற்றைத் திறந்தது கபிலன்.

"ஆரு பெரியம்மா செத்த?" என்று கேட்டான்.

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அழுகை நின்றது. கன்னத்தில் ஒன்று விட்டாள். "நாசமறுப்பானே, உசிரோட இரிந்துகொண்டு ஊர அழவைக்கிறியா?"

அந்த வீட்டில் அன்றைக்குச் செய்யாத குற்றத்துக்கு அடிவாங்கிய ஒரே ஆள் அவன்தான். நோயாளி ஆக்கினார்கள், செத்தவன் ஆக்கினார்கள், கடைசியில் அடியும் அவனுக்கு.

செய்தி கேட்டு நான் சந்திக்குப் போனேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு மதகின்மேல் ஏறினேன். சாரி உடுத்து மதகில் ஏறுவது பற்றிப் பட்டறையில் சொல்லித்தர மாட்டார்கள். கழகத் தலைவர் அஜந்தன் ஓடி வந்தான்.

"மிஸ், என்ன செய்யிற? அது நாங்க அவனுக்காகக் கட்டினது."

"இந்தச் சான்றிதழ் உனக்கு எங்கால வந்த?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "உங்கட ஒஃபிஸ் ஆள்தான் மிஸ் அனுப்பினவர்."

எங்கள் அலுவலகத்து அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர். வீட்டுத்திட்டத்துக்கு வாங்கிய படம் அவருடைய தொலைபேசியில் கிடந்ததாம். நல்லெண்ணத்தில் அனுப்பினாராம். அவர் இன்னும் உங்களோடுதான் வேலை செய்கிறார். இதை வாசிக்கும்போது உங்கள் பக்கத்து மேசையில் யாருக்காவது தேநீர் புரையேறினால், ஏன் என்று கேளுங்கள்.

பெனரை அறுத்து விழுத்தினேன். பிந்திவிட்டது. வழியில் போன யாரோ எடுத்த படம் கள்ளனின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த பதிவில் கபிலனின் பிறப்புச் சான்றிதழும் இருந்தது. நம்பாதவர்களுக்கு இதோ ஆதாரம் என்று எழுதியிருந்தான். எங்கள் ஆட்கள் அவனுக்குச் செய்து கொடுத்த ஆதாரம் அது. கபிலனின் பெயரிலேயே ஒரு பேஸ்புக் கணக்கும் திறந்திருந்தான். நூறு மீற்றர் ஓடத் துடிக்கிற பொடியன் அந்தக் கணக்கில், தனக்கு எழும்பி இருக்கக்கூட ஏலாது என்று தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொலிஸுக்குப் போனோம். பொறுப்பதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தகப்பனைக் கூப்பிடச் சொன்னார். "இவ்வளவு விவரமும் சரியா இரிக்கு. வெளியாளுக்கு எப்பிடித் தெரியும்? வீட்டாக்கள்தான் போட்டிரிக்கணும்," என்றார். இது உங்களுக்கு நான் சொல்கிற இரண்டாவது விஷயம். பிள்ளையின் விவரம் களவு போனால் முதல் சந்தேகம் தாய் தகப்பன்மேல்தான் விழும். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் ஊரில் கள்ளக் குடும்பமாகத்தான் இருந்து சாகும். பிறகு அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அந்தப் பெயர் முன்னுக்குப் போய் நிற்கும்.

தகப்பனை வயல் வட்டையிலிருந்து கூட்டி வந்தார்கள். முழங்கால்வரை சேறு. யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மனிதன் வேளாண்மைக் காவலுக்கு வாடிக் குடிசையில் கிடந்ததால், மகன் ஒருமுறை செத்ததே அவருக்குத் தெரியாது.

"உன்ட ஃபோனக் குடு," என்றார் பொறுப்பதிகாரி.

அவர் மடியிலிருந்து எடுத்தார். பொத்தான் அமத்துகிற பழைய ஃபோன். மூடி கழன்று விழாமல் ரப்பர் வளையம் போட்டிருந்தது.

"இதுல பேஸ்புக் எங்க?"

"அது இல்ல சேர். லைற் இரிக்கு." அமத்திக் காட்டினார். "ஆனை வந்தா இதத்தான் பிடிக்கிற."

பொறுப்பதிகாரி ஆனைக்குப் பிடிக்கிற லைற்றைத் தன் முகத்திலிருந்து அப்பால் திருப்பினார். அப்போதும் அவருடைய சந்தேகம் போகவில்லை. வேறு யாரையாவது வைத்துச் செய்திருக்கலாம்தானே என்றார். நான் கொப்பி கொடுத்த அமைப்பின் பக்கத்தைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தேன். கபிலன் மட்டும் இல்லை. அந்த ஊரின் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக, ஆளுக்கொரு தாளோடு நின்றார்கள்.

"சேர், இதுல நீங்க விரும்பின பிள்ளைக்கு விரும்பின வருத்தத்தக் குடுக்கலாம். விவரம் எல்லாம் இலவசம்," என்றேன்.

அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். வேறு ஊர்களில் கொப்பி கொடுத்த படங்களும் வந்தன. முறைப்பாட்டை எழுத இருந்த கான்ஸ்டபிள் பெரியகல்லாற்றுக்காரர். பேனையைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க சேர்," என்றார். "அது என்ட மகள்."

அதற்குப் பிறகு முறைப்பாடு எழுதப்பட்ட வேகம் நான் என் சேவைக்காலத்தில் வேறெங்கும் காணாதது. ஹாஜியாரும் காத்தான்குடியிலிருந்து வந்து தன் வாக்குமூலத்தைக் கொடுத்தார். தகப்பனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதிவுகளும் அந்தக் கள்ளக் கணக்கும் கடைசியில் அகற்றப்பட்டன. கள்ளன் பிடிபட்டானா என்று கேட்காதீர்கள். பிடிபடவில்லை. அவன் கொழும்பில் இருந்தானா, பக்கத்துத் தெருவில் இருந்தானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனால் முதல் படம் அமைப்பின் பக்கத்தில் இருந்தது. அது இருக்கும்வரைக்கும் இன்னொருவன் வருவான். அமைப்பின் தலைவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"மிஸ், நாங்க கள்ளர் இல்ல," என்றார்.

"கள்ளர் எண்டு நான் சொல்லல்ல. கள்ளனுக்குக் கடை போட்டுக் குடுத்தீங்க எண்டுதான் சொல்லுறன். படத்த எடுங்க."

"ஆதாரம் இல்லாம வெளிநாட்டாக்கள் உதவ மாட்டாங்க மிஸ். உங்களுக்கு அது விளங்காது."

"கொப்பி வாங்கின பில்லப் போடுங்க. அது ஆதாரம்தானே?"

"பில்லுல புள்ளைட முகம் இரிக்காதே மிஸ்," என்றார்.

அதற்கு நான் சொன்னதை மலரில் போடமாட்டீர்கள். அதன் பலனாகத் தலைவர் நடவடிக்கை எடுத்தார். கபிலனின் கண்களுக்கு மேல் கறுப்புக் கோடு ஒன்று போட்டார். கையில் பிடித்திருந்த தாளில் முழுப்பெயரும் பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் முன்னர்போலவே பளிச்சென்று இருந்தன.

இனி ஓட்டம். அதிபரிடம் போனேன். அவரும் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"மிஸ், பொய்யெண்டு எனக்கு விளங்குது. ஆனா ஓடுற நேரம் அவனுக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

"ஓடினா களைப்பான் சேர். அதுக்கு நான் பொறுப்பு."

"டொக்டர்ட கடிதம் ஒண்டு தாங்க, பேரச் சேர்க்கிறன்."

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவனைச் சோதித்துவிட்டுச் சிரித்தார். "இல்லாத வருத்தம் இல்லையெண்டு நான் எப்பிடி எழுதுற மிஸ்? இவனுக்கு ஆயிரம் வருத்தம் இல்ல. எதிலயிருந்து தொடங்குற?" பிறகு, ஓடுவதற்குத் தகுதியான உடல்நிலை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். அதைக் கொண்டுபோய் அதிபரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். முகம் மலர்ந்தது. மறுநிமிடம் மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்துக் கடிதத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ன சேர் செய்யிறீங்க?"

"வலயத்து குறூப்ல போட்டு விட்டா எல்லாருக்கும் விளங்கும்தானே."

"ஃபோனக் கீழ வைங்க சேர்."

வைத்தார். நான் எழும்பி வரும்வரைக்கும் அந்த ஃபோனைத் தொடவில்லை.

வலய விளையாட்டுப் போட்டியன்று நானும் போனேன். கபிலனுக்கு மயிர் முளைத்திருந்தது, மாம்பழத் தோலில் பூஞ்சணம் பிடித்த மாதிரி. சுகந்தி ஒரு பை நிறையத் தோடம்பழம் கொண்டுவந்திருந்தாள். தகப்பன் வட்டையை விட்டுவிட்டுக் குளித்து, சட்டை போட்டு வந்திருந்தார். துவக்கு வெடித்தது. கபிலன் முன்னால் போனான், போய்க்கொண்டே இருந்தான், முதலாவதாக வந்தான். சுகந்தி தோடம்பழப் பையை என் காலில் போட்டுவிட்டு ஓடினாள். எனக்கும் அந்த நேரம் வேலை முடிந்தது என்ற நினைப்புத்தான்.

கபிலன் கூட்டத்துக்குள்ளால் என்னிடம் வந்தான். கழுத்தில் பதக்கம். முகம் இருண்டு, கண் கலங்கிக் கிடந்தது.

"என்னடா, ஓடி வெண்ட புள்ள அழுறாய்?"

"நான் வெல்லல்ல மிஸ். அவனுகள் ஓடல்ல."

"ஆர் சொன்ன?"

அடுத்த கோட்டில் ஓடிய பொடியனைக் காட்டினான். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஓடி முடிந்ததும் அந்தப் பொடியனே இவனுடைய தோளில் கைபோட்டு, கவலைப்படாதே என்று சொல்லியிருக்கிறான். "அவங்கட சேர் சொன்னவராம் மிஸ். அந்தப் புள்ளைக்கு இதுதான் கடைசி ஓட்டம், ஒருத்தரும் முந்தவேணாமெண்டு."

நான் அந்தப் பொடியனிடம் போனேன். "உண்மையச் சொல்லு மனே. நீ விட்டுக்குடுத்தியா?"

அவன் தன் ஆசிரியரை ஒருமுறை பார்த்தான், என்னைப் பார்த்தான். "எனக்குக் கால் பிடிச்சிட்டு மிஸ்," என்றான். அந்த ஆசிரியரிடமும் கேட்டேன். அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றார். ஆனால் கபிலனைப் பார்த்த பார்வையில் இரக்கம் வடிந்தது. மற்றப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவன் தலையாட்டினான், ஒருவன் இல்லை என்றான், ஒருவன் தோடம்பழம் இருக்கிறதா என்று கேட்டான்.

கபிலன் பதக்கத்தைக் கழற்றித் தாயின் பைக்குள் போட்டான். திரும்ப ஓட விடச் சொல்லுங்கள் என்றான். நடுவர்களிடம் கேட்டேன். வென்ற பிள்ளை திரும்ப ஓடக் கேட்பது விதிமுறையில் இல்லை என்றார்கள்.

அடையாளத் திருட்டினால் பிள்ளைக்கு என்ன இழப்பு என்று உங்கள் பட்டறைகளில் கேட்பார்கள். வங்கி, கடன், கள்ளக் கணக்கு என்று வெள்ளைப் பலகையில் எழுதுவீர்கள். கபிலனைக் கேட்டால், தான் ஓடக்கூடியவனா என்பது தனக்கு இனித் தெரியாது என்பான். அவனோடு இனி ஒருத்தரும் முழு மூச்சில் ஓடமாட்டார்கள். அவன் வென்றாலும் அது அவனுடையது இல்லை. பதிவை அகற்றலாம், கணக்கை மூடலாம். இதை எந்த முறைப்பாட்டில் எழுதுவது? நானும் எழுதிப் பார்த்தேன். கான்ஸ்டபிள் "இதுக்கு எந்தச் சட்டப்பிரிவு மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் பேனையை மூடினார். அவரும் தகப்பன்தான். அவர் கேட்டது நக்கலுக்கு இல்லை.

அதனால் எனக்கு இனிப் பொலிஸிடமோ அதிபரிடமோ கேள்வி இல்லை. கொப்பி அமைப்பின் தலைவரே, உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. இன்று காலையும் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த மாதம் வேறு ஊருக்குக் கொப்பி கொடுக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். மைக் பிடிப்பீர்கள், பேசுவீர்கள். அந்தப் பிள்ளையையும் தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன். முன்வரிசையில் இருப்போம். எனக்கு மன்னிப்பும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். முதல் கொப்பியைக் கொடுப்பதற்கு முன்னால், ஊர் கேட்க, அந்த மைக்கில் அவனுக்குப் பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு அவன் வென்றானா, இல்லையா?